காற்றுச் சேதி

அவனியாபுரம் பைபாஸ் ரோட்டுப் பட்டறைகளுக்கு நடுவே ஜெயக்கொடியின் கடை இருக்கிறது. ஆட்டோவுக்கு டாப்பு, சீட்டு, லாரிக்குத் தார்ப்பாய் எல்லாம் தைத்துக் கொடுப்பாள். ஷேர் ஆட்டோக்காரர்கள் கிழிந்த சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, சாயங்காலம் டிரிப்பு அடிக்கணும்" என்று அவசரப்படுத்துவார்கள். மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "வச்சிட்டுப் போ, கூப்பிடுறேன்" என்பாள். தலைக்கு மேல் விமானம் தாழ்ந்து இறங்கும்போது பேச்சை நிறுத்தி, அது போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் அது பழகிப்போன விஷயம்.

பழகாத விஷயம் ஒன்று உண்டு. காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பத்தி கொளுத்தியதும் அவள் போனை எடுத்து இந்தியப் பெருங்கடலில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்ப்பாள். மதுரையில் காற்றைப் பற்றி யாருக்கு என்ன கவலை? ஆடியில் புழுதி பறக்கும், அவ்வளவுதான். வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர் இது. அந்த ஊரில் ஒருத்தி மொரீஷியஸ் பக்கத்துக் காற்றை விசாரித்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள்.

அவளுடைய புருஷன் அழகுபாண்டி பாய்மரப் படகில் வேலை பார்க்கிறான். மீன் பிடிக்கிற படகு இல்லை, சரக்கு ஏற்றுகிற கப்பலும் இல்லை. ஒரு வீட்டு ஹால் அளவுக்கு இருக்கும் படகில், காற்றை மட்டும் நம்பி, கண்டத்துக்குக் கண்டம் போகிற வேலை. வாடிப்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டில் பிறந்தவனுக்கு இந்த வேலை எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்டால், அதற்கும் காரணம் தையல் மிஷின்தான். கொச்சியில் படகுகளுக்கு வெயில் மறைப்பு தைக்க ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்கள், போனான். அங்கே ஒருவருடைய கிழிந்த பாயைத் தைத்துக் கொடுத்தான். பாய் தாங்குகிறதா என்று பார்க்க அவர் இவனையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கடலுக்குப் போனார். போன வழியெல்லாம் வாந்தி எடுத்தவன், கரைக்கு வந்ததும், "சார், அடுத்த தடவை எப்பப் போறீக?" என்று கேட்டானாம். அந்த ஒருவர்தான் சூர்யபிரகாஷ் சார். கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், சொந்தமாகப் படகு வைத்திருப்பவர். அன்றிலிருந்து படகில் அவர்கள் இரண்டு பேர்தான்.

சொந்தக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. "என்ன மாப்ள, வண்டியூர்த் தெப்பக்குளத்த மூணு சுத்து சுத்திட்டு வந்துட்டியா?" என்பார்கள். "அங்க தண்ணி கம்மிண்ணே" என்று இவனும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவான்.

படகில் கைக்குள் அடங்குகிற ஒரு செயற்கைக்கோள் கருவி உண்டு. நடுக்கடலிலிருந்து இரண்டு மூன்று வரி அனுப்பலாம், கரையிலிருந்து பதிலும் வாங்கலாம். ஆனால் படகிலிருந்து முதலில் சேதி வந்த எண்ணிலிருந்துதான் பதில் அனுப்ப முடியும். அழகுபாண்டி சேதி அனுப்பியது ஜெயக்கொடியின் எண்ணுக்கு மட்டும்தான். படகு நிற்கும் இடம் அவள் போனில் நீலப்புள்ளியாகத் தெரியும். முன்பெல்லாம் காற்று நிலவரத்தைக் கொச்சியிலிருந்த சாருடைய நண்பர் ஒருவர் அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது, "நீ பாத்துச் சொல்லு கொடி, நாளைக்கி என்ன காத்துன்னு மட்டும் சொல்லு" என்று அழகுபாண்டி இவளிடம் ஒப்படைத்தான். ஆரம்பத்தில் ஒரு தடவை அம்புக்குறியைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, தெற்கிலிருந்து வரும் காற்றை வடக்கிலிருந்து வருகிறது என்று எழுதிவிட்டாள். அவர்கள் பாயை மாற்றிக் கட்டி அரைநாள் அல்லாடினார்கள். அதிலிருந்து எதையும் இரண்டு தரம் பார்க்காமல் அனுப்ப மாட்டாள். நண்பரின் கண் சரியான பிறகும் வேலை இவளிடமே இருந்துவிட்டது. "ஒன் சேதி வந்தாத்தான் பாயத் தொடுவேன்" என்று அவன் ஒரு முறை எழுதியிருந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன பெரிய கொஞ்சல் அதுதான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

போன ஆடியில் படகு ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே ஒரு குட்டித் தீவிலிருந்து கிளம்பி மொரீஷியஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நீண்ட ஓட்டம், இடையில் கரையே கிடையாது. ஆனால் அந்த மாதங்களில் அங்கே காற்று முதுகுப் பக்கமாக ஒரே சீராக வீசும். படகை அதன் போக்கில் விட்டால் போதும். அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அழகுபாண்டியின் அப்பா பேயாண்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்க ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஜெயக்கொடியும் மகள் மீனாவும் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டிருந்தார்கள், கொட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். அப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் மூத்தவன். மூத்தவனோ நடுக்கடலில் இருக்கிறான். இளையவன் நல்லகாமன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதவன், கண்ணைத் துடைத்துவிட்டு மதினியைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மதினி, அண்ணனுக்குச் சேதி சொல்லணும்."

"சொல்லித்தான ஆகணும் தம்பி. எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"செத்துட்டாருன்னு போட்டுறாதீக. முடியல, பெரிய ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம், கிளம்பி வாங்கன்னு போடுங்க. கொள்ளிக்குத்தான் முடியாது, பதினாறாம் நாள் காரியத்துக்காச்சும் வரட்டும்."

"நடுக்கடல்ல இருக்கவகளுக்கு எதுக்குத் தம்பி பொய்யி?"

"நடுக்கடல்ல இருக்கதுனாலதான் சொல்றேன். ஒண்ணு கிடக்க ஒண்ணு பண்ணிப்புட்டா யாரு பிடிக்கிறது? நம்ம வழக்கம் என்ன, வெளியூர்ல இருக்கவனுக்கு யாராச்சும் சாவுக் கேதத்த மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லுவாகளா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். திருப்பூரில் வேலை பார்க்கிறவனுக்கு, "அப்பாவுக்கு முடியல, வந்து பாத்துட்டுப் போ" என்றுதான் போன் போகும். அவன் பஸ் ஏறுவான். திண்டுக்கல் தாண்டும்போது மனசுக்குள் ஏதோ உறுத்தும். வாடிப்பட்டியில் இறங்கியதும் சித்தப்பன் பெரியப்பன் யாராவது வந்து பேசாமல் பையை வாங்கிக்கொள்வார்கள். பாதி விளங்கிவிடும். தெரு முக்கில் கொட்டுச் சத்தம் கேட்டதும் மிச்சமும் விளங்கிவிடும். அதற்குள் பக்கத்தில் தாங்கிப் பிடிக்க நாலு பேர் இருப்பார்கள். ஒரு பஸ் பயணத்துக்கு மட்டும் தாக்குப்பிடிக்கிற பொய் அது. அந்த அளவுக்கு அதில் அன்பு உண்டு. பஸ்ஸே போகாத இடத்துக்கு அந்தப் பொய்யை அனுப்பினால் என்ன ஆகும் என்று அந்தப் பந்தலில் யாரும் யோசிக்கவில்லை, ஜெயக்கொடியும் யோசிக்கவில்லை.

நல்லகாமன் சொல்லச் சொல்ல அவள் தட்டி அனுப்பினாள். பெரியவரைக் குளிப்பாட்ட நாற்காலியில் உட்கார வைத்திருந்தபோது பதில் வந்தது.

"எந்த ஆஸ்பத்திரி? பேச்சு இருக்கா?"

சுற்றிலும் ஒப்பாரி. நல்லகாமனைக் கேட்கலாம் என்றால் அவனை மொட்டையடிக்க அழைத்துப் போயிருந்தார்கள். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேச்சு இருக்கு. உங்களத்தான் கேக்குறாரு" என்று எழுதினாள். இரண்டாவது வரியை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியவர் கடைசி வரை மூத்தவனைத்தான் கேட்டிருப்பார், அது எப்படிப் பொய்யாகும் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த வரிதான் படகைத் திருப்பியது. மறுநாள் காலையில், "சார்ட்ட அழுது சம்மதிக்க வச்சிட்டேன். மொரீஷியஸ் வேணாம். வடக்க திருப்பிட்டோம். மாலத்தீவுல இறங்கி பிளைட்டப் பிடிச்சு வாரேன். அப்பாட்ட சொல்லு" என்று அவன் எழுதியிருந்தான்.

நல்லகாமனுக்குச் சந்தோஷம். "காரியத்துக்கு வந்துருவாப்ல" என்று ஊரெல்லாம் சொன்னான். ஜெயக்கொடி போனைத் திறந்து காற்று வரைபடத்தைப் பார்த்தாள். பழைய வழியில் அம்புகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துச் சீராக நின்றன. புது வழியில், மாலத்தீவுக்குக் கீழே, காற்று ஒரு இடத்தில் செத்துக் கிடந்தது, அடுத்த இடத்தில் நாலாபக்கமும் பிய்த்துக்கொண்டு அடித்தது. சிவப்புத் திட்டுகள் ஒன்று போனால் ஒன்று முளைத்தன. எதற்கு அந்தப் பக்கம் யாரும் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் போகிறான், உயிரோடு இல்லாத அப்பனைப் பார்க்க.

அதற்குப் பிறகு அவள் எழுதிய ஒவ்வொரு சேதியிலும் மேல் வரி காற்று, கீழ் வரி மாமனார். "நாளைக்கி மேற்கே இருந்து காத்து, மழை இருக்கு, பாயக் குறைங்க. மாமா கஞ்சி குடிச்சாரு." "வடக்க இடி மின்னல், கிழக்கால ஒதுங்கிப் போங்க. மாமா கண்ணு முழிச்சுப் பாத்தாரு." மேல் வரியை இரண்டு தரம் சரிபார்த்து எழுதினாள். கீழ் வரியை எழுதும்போது போனைப் பார்க்காமல் எழுதப் பழகினாள். சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த ஈரச் சேலையோடு ஒரு தரம், "நேத்தைக்கி இன்னைக்கி பரவால்ல" என்று எழுதிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்த் தலையில் அடித்துக்கொண்டாள். அவனிடமிருந்து, "நீ பக்கத்துல இருக்கது தைரியமா இருக்கு கொடி" என்று வந்தது. அதைப் படித்தபோதுதான் அவளுக்குத் தன்மேல் உண்மையாகவே அருவருப்பு வந்தது.

கடையைத் திறந்தும் வேலை ஓடவில்லை. ஒரு ஆட்டோ சீட்டின் மேல்துணியை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்துவிட்டு, பிரித்துக்கொண்டிருந்தபோது அடுத்த சேதி வந்தது.

"பெரிய பாய் கிழிஞ்சிருச்சு. தச்சுக்கிட்டு இருக்கேன். சார் வழுக்கி விழுந்து விலாவுல அடி. படுத்துக்கிடக்காரு. நான் ஒருத்தந்தான் சுக்கான் பிடிக்கிறேன். அப்பா எப்படி இருக்காரு?"

நல்லகாமனுக்குப் போன் போட்டாள். "தம்பி, நான் உண்மையச் சொல்லப் போறேன்."

"மதினி, இம்புட்டு நாள் பொறுத்தாச்சு. கரைக்கு வந்து ஏறட்டும், நானே போயிக் கூட்டிட்டு வந்து பக்குவமாச் சொல்றேன். இப்பச் சொன்னா அண்ணன் ஒடிஞ்சு போயிரும் மதினி. ஒத்தையில இருக்கு."

"ஒத்தையில இருக்கதுனாலதான் தம்பி..."

"நீங்க பொம்பள, பயப்படுறீக. பெரியவக எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு" என்று அவன் வைத்துவிட்டான்.

காலேஜ் முடிந்து கடைக்கு வந்த மீனா, அம்மாவின் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தாள். நீலப்புள்ளி சிவப்புத் திட்டுக்கு வெகு பக்கத்தில் இருந்தது.

"தாத்தா போனதுக்கு அப்பாவும் போகணுமாம்மா?"

"வாயக் கழுவுடி!" என்று ஜெயக்கொடி கையை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கையைக் கீழே இறக்கத் தெரியாமல் மிஷின்மேல் வைத்துக்கொண்டாள். மீனா அழவில்லை. போனைத் திருப்பி அம்மாவின் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

ஜெயக்கொடி அங்கேயே, வெட்டிப் போட்ட ரெக்சின் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதினாள். "மச்சான், மாமா செத்துப்போனாரு. மொதச் சேதி அனுப்பும்போதே செத்துட்டாரு. நல்லகாமன் கொள்ளி வச்சிட்டாப்ல. ஆஸ்பத்திரி எல்லாம் பொய்யி. என்னய மன்னிச்சிருங்க." அதை அனுப்பிவிட்டு உடனே அடுத்ததையும் அனுப்பினாள். "வடக்க வராதீங்க. முன்னால பெரிய சூறை நிக்கிது. பழைய வழிக்கே திரும்பிருங்க."

ஒரு விமானம் இறங்கியது. இன்னொன்று ஏறியது. சீட்டு வாங்க வந்த ஆட்டோக்காரரை மீனா நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினாள். நீலப்புள்ளி வடக்கேதான் நகர்ந்தது. கடையைச் சாத்தும் நேரத்தில் பதில் வந்தது.

"சூறை நிக்கிதுன்றது நெசமா? இல்ல, என்னயத் திருப்பி விடுறதுக்குச் சொல்றியா?"

ஜெயக்கொடி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். ஏசாமல் கேட்டிருந்தான், நிஜமாகவே தெரியாமல் கேட்டிருந்தான். "நெசம் மச்சான். மீனா மேல சத்தியம்" என்று எழுதினாள். பிள்ளைமேல் சத்தியம் பண்ணுவது அவர்கள் வீட்டில் சாதாரணமாகச் செய்கிற காரியம் இல்லை. புள்ளி இன்னும் கொஞ்சம் வடக்கே போனது.

மறுநாள் காலையில் புள்ளி திரும்பியிருந்தது. தெற்கே இறங்கி, பிறகு மேற்கே, பழைய வழியை நோக்கி. சிவப்புத் திட்டு அது முந்தின நாள் போய்க்கொண்டிருந்த பாதையின் மேலேயே பரவிக் கிடந்தது. ஜெயக்கொடி மீனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். "நம்பிட்டாகடி, ஒங்கப்பா நம்பிட்டாக" என்று தெருவே கேட்கும்படி சொன்னாள்.

படகு மொரீஷியஸ் போய்ச் சேர்ந்ததும் சூர்யபிரகாஷ் சார் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "உங்களால உயிர் பிழைச்சோம்மா" என்று ஆரம்பித்தார். மனுஷனுக்கு எதையும் மறைத்துப் பேசத் தெரியாது. "உங்க மெசேஜைப் பார்த்துட்டு அழகு சுக்கானை விடவே இல்லை. திருப்புடான்னு சொன்னேன். எது நிஜம்னு தெரியலை சார், அப்பா உசிரோட இருந்து, புயலுக்குப் பயந்து இவதான் செத்துட்டாருன்னு சொல்றாளோன்னு கேட்டான். அப்புறம் நான் கொச்சியில என் ஃப்ரெண்டுக்கு அனுப்பிக் கேட்டேன். அவரும் சூறைன்னு சொன்ன பிறகுதான் திருப்பினான்."

"சரிங்க சார்" என்றாள் ஜெயக்கொடி.

காரியமெல்லாம் முடிந்தபிறகுதான் அழகுபாண்டி ஊர் வந்து சேர்ந்தான். பந்தல் இல்லை, கொட்டு இல்லை. அவன் நேரே வாடிப்பட்டிக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டு, சுடுகாட்டில் காய்ந்து கிடந்த இடத்தில் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதான். நல்லகாமன் அண்ணன் காலில் விழுந்தான். வீட்டுக்கு வந்ததும் ஜெயக்கொடி எதிரே போய் நின்றாள்.

"என்னய ஏசிருங்க மச்சான்."

"ஏச என்ன இருக்கு? ஊருல எல்லாரும் அப்படித்தான சொல்லுவாக. எந்தம்பி வெளியூர்ல இருந்திருந்தா நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றான். அதை மனசாரத்தான் சொன்னான். அவள் வைத்த சோற்றைச் சாப்பிட்டான். கடையில் உட்கார்ந்து இரண்டு தார்ப்பாய் தைத்துக் கொடுத்தான். சாருடைய விலா கூடியதும் மறுபடியும் கிளம்பிப் போனான்.

இப்போதும் அவள் கடையைத் திறந்ததும் காற்றைப் பார்க்கிறாள், இரண்டு தரம் பார்த்து அனுப்புகிறாள். "சரி" என்று பதில் வருகிறது. கொச்சிக்காரரிடமிருந்தும் சேதி வாங்குகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்கு வருத்தமில்லை. இரண்டு பேர் பார்ப்பது படகுக்கு நல்லதுதான்.

போன வாரம் நடுக்கடலிலிருந்து, "மீனா நல்லாருக்காளா?" என்று கேட்டிருந்தான். "நல்லாருக்கா" என்று இவள் எழுதினாள். கொஞ்ச நேரத்தில் எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மீனாவின் போனில் சத்தம் கேட்டது. மீனா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்க்காமல் கவிழ்த்து வைத்தாள்.

"என்னன்னு போட்டிருக்காக?" என்றாள் ஜெயக்கொடி.

"நீ நல்லாருக்கியான்னு என்னயக் கேட்டிருக்காரும்மா."

ஜெயக்கொடி மிஷினில் நூலைக் கோத்துக்கொண்டே, "உடனே பதில் போட்டுரு ஆத்தா" என்றாள். "நான் சொன்னத வச்சு அவுகளுக்கு நிம்மதி வராது."